நாற்காலியில் முழங்கால்

காலியாக இருக்க வேண்டிய நாற்காலியில் யாரோ உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, ஓவியர் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கும் வெறும் சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இருக்கலாமா கூடாதா என்று காலையிலிருந்து வரைவதும் துடைப்பதுமாக இருந்தார். பேசியவர் அருங்காட்சியகத்தில் படங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். விரிசல், பூஞ்சை, பழுப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான். வாசல் காவலாளியிலிருந்து மேலிடம் வரை டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டுப் பழக்கியதில், தலைவலிக்கிறது என்று வந்த ஒருவருக்கு அவர் தன்னையறியாமல் மருந்துச் சீட்டே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் அதில் அந்த ஆளுக்குக் குணமாகிவிட்டதாகவும் சொல்வார்கள்.

"சார், முட்டி தெரியுது" என்றார் டாக்டரம்மா.

"யாரு முட்டி?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

ஓவியர் தூரிகையைக் கழுவாமல் மேசைமேல் வைத்தார். தூரிகையைக் கழுவாமல் வைத்தது அவர் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான்.

விஷயம் இதுதான். அருங்காட்சியகத்தில் புதுக் கூடம் ஒன்று திறக்கப் போகிறார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் ஓவியரின் 'காலி நாற்காலி' தொங்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. திறப்பு விழாப் புத்தகத்துக்காகப் படத்தைப் படம்பிடிக்க வந்தவர், இருக்கையின் முன்விளிம்பில் மங்கலாக இரண்டு உருண்டைகளைப் பார்த்து லென்ஸைத் துடைத்தார். விளக்கை இடம் மாற்றினார். கடைசியில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருண்டைகள் போகவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, அழுக்கு இல்லை, ஆள் என்றார்.

'காலி நாற்காலி'யில் இருப்பது ஒரு சாம்பல் சுவர், அதன் முன்னால் ஒரு மரநாற்காலி, அவ்வளவுதான். யாரும் இல்லை. அந்த 'யாரும் இல்லை'தான் ஓவியரைத் தூக்கி நிறுத்தியது. முதல் கண்காட்சியில் ஒருவர் அதன் முன் நின்று விம்மி அழுதார். பக்கத்தில் நின்றவர் என்ன ஏது என்று கேட்காமல் சேர்ந்து அழுதார். இருவருக்கும் கைக்குட்டை நீட்டப்போன மூன்றாமவர் செத்துப்போன தன் மாமாவை நினைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பேராசிரியர் அந்தக் காலியிடத்தைப் பற்றி மட்டும் தலையணைப் பருமனுக்கு ஒரு புத்தகம் எழுதினார். நாற்காலியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓவியரிடம் கேட்டது ஆள் இல்லாத படங்களைத்தான். ஆள் இல்லாத கட்டில், ஆள் இல்லாத செருப்பு, ஆள் எழுந்துபோன பள்ளம் தெரியும் மெத்தை. மனித உடம்பை எலும்பு எலும்பாகக் கற்றவர், மனிதர் எழுந்து போன இடங்களை வரைந்தே தலை நரைத்தார். விருது வாங்கிய மேடையில் 'நம் காலத்து உருவ ஓவியத்தின் முக்கியமான பெயர்' என்று வாசித்தார்கள். உருவம் எங்கே என்று கேட்க அரங்கில் யாருக்கும் தோன்றவில்லை. ஓவியருக்குத் தோன்றியது. கைதட்டல் பலமாக இருந்ததால் அவரும் விட்டுவிட்டார்.

அவர் கற்றது தூக்குக்குண்டிடம். அது ஆசிரியரின் பட்டப்பெயர். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் ஈயக்குண்டு ஒன்றை நூலோடு எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். யார் எதிரே வந்தாலும் நெற்றிக்கு நேராக அதைத் தொங்கவிட்டு, மூக்கு எங்கே விழுகிறது, தொப்புள் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் சௌக்கியமா என்று கேட்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் குண்டைத் தொங்கவிட்டு, இடுப்பு ஒரு நூல் வலப்பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டார், ஆனால் கடைசிவரை அவர் முன்னால் நேராக நிற்கவில்லை. அவருடைய பள்ளியில் சேர்ந்தால் ஒரு மழைக்காலம் முழுவதும் சுண்ணாம்பில் வார்த்த ஒற்றைக் காதைத்தான் வரைய வேண்டும். காது என்று நினைத்து வரையாதே, நிழலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் என்று நினை என்பார். படத்தையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் வைத்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதில் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்; நடந்து வந்து ஒரே ஒரு தீற்று; மறுபடி கோட்டுக்குப் போக வேண்டும். ஒரு முகம் முடிவதற்குள் நடந்த நடையில் பக்கத்து ஊருக்கே போய் வந்திருக்கலாம். உட்காருபவரின் பாதங்களைச் சுற்றியும் கோடு போட்டுவிட வேண்டும். எழுந்து போய் வந்தால், அந்தக் கோட்டுக்குள் பாதத்தை வைத்தால்தான் அதே ஆள்; ஒரு விரல் தள்ளி வைத்தால் அது வேறு யாரோ. கடைசியாக ஒன்றை அவர் அடித்துச் சொல்வார்: வராத உருவத்தின் மேல் புது வண்ணம் பூசக் கூடாது. கத்தியை எடுத்துத் துணி தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். இல்லாவிட்டால் வருஷங்கள் கழித்து மேல்பூச்சு கண்ணாடிபோல ஆகி உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோட்டுக்குள் பாதத்தை வைக்க ஆள் வேண்டுமே. அண்ணன் இருந்தார். தம்பி காது வரைந்துகொண்டிருந்த வருஷங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணனால்தான். ஒரு பெரிய அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் இயக்குபவராக இருந்தார். உட்காருவதையே உத்தியோகமாகக் கொண்டவர். ஸ்டூலில் முதுகு நிமிர்த்தி, ஒரு கையைத் தொடைமேல் வைத்து, கதவுக்கு மேலே மாறும் மாடி எண்ணைப் பார்த்தபடி இருப்பார். ஒருநாள் லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே இருந்தவர்கள் அலறியபோதுகூட அவர் அசையாமல் இருந்ததைப் பார்த்து, பொம்மை என்று நினைத்து ஒரு பெண்மணி தன் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டாராம். லிஃப்ட் கிளம்பியதும் அண்ணன் பையை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு மாடிப்படியில்தான் ஏறினார். விடுமுறை நாளெல்லாம் அண்ணன் தம்பிக்காக உட்கார்ந்தார். கால் மரத்துப் போனால்கூட, மரத்துப் போச்சுடா என்று உதட்டை அசைக்காமல்தான் சொல்வார்.

அந்தப் படம் அப்போது காலியாக இல்லை. அண்ணன் அதில் முழுசாக உட்கார்ந்திருந்தார். வலது பாதம் சற்று முன்னே, கை தொடைமேல், தலை லேசாக இடப்பக்கம், பார்வை மேலே. பல மாதமாக நடந்துகொண்டிருந்த வேலை. காட்சிக்கூடம் நடத்தும் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு ஒருநாள் வந்தார். அண்ணன் அப்போதுதான் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். வந்தவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "நாற்காலி பிரமாதம்" என்றார். போய்விட்டார்.

நாற்காலி பிரமாதம் என்றால் ஆள் பிரமாதம் இல்லை என்றுதானே அர்த்தம். ஓவியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் வரவில்லை என்றுதான் பட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு போய் அண்ணனின் தாடைக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுவருக்கென்று குழைத்திருந்த சாம்பலில் தாராளமாக எண்ணெயை விட்டு, கிடைத்ததிலேயே பெரிய தூரிகையை எடுத்தார். அண்ணன் மேல் சுவரைப் பூசிவிட்டு, நாற்காலியின் முதுகையும் இருக்கையையும் அவசர அவசரமாக இழுத்து முடித்தார்.

அண்ணன் தம்பிக்கும் ஒரு டம்ளர் டீயோடு திரும்பி வந்தார். படத்தைப் பார்த்தார். பின்னால் வேறு படம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நான் எங்கடா?"

"முகம் வரலண்ணே."

அண்ணன் தலையாட்டினார். டம்ளரைத் தரையில் வைத்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து பார்த்துப் பாதங்களைச் சாக்பீஸ் கோட்டுக்குள் சரியாக வைத்து, கையைத் தொடைமேல் போட்டு, மேலே பார்த்தார். "சரி, ஆரம்பி" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல ஓவியருக்கு நேரம் பிடித்தது. அதுவரை அண்ணன் அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து, ஆறிப்போகிறது என்று தம்பியின் டீயையும் தானே குடித்துவிட்டுப் போனார். தூரிகையைக் கழுவாமல் வைத்தது அன்றைக்குத்தான்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டார்கள். தம்பியின் படம் பத்திரிகையில் வந்தால் அண்ணன் வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்பார். கண்காட்சிக்கு மட்டும் வந்ததில்லை. அங்கே லிஃப்ட் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பார்.

ஓவியர் மறுநாளே அருங்காட்சியகத்துக்குப் போனார். டாக்டரம்மா படத்தைச் சன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். முழங்கால்கள்தாம். கால்சட்டை மடிப்புகூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் எழுந்துவிடும்போல இருந்தது.

"விட்டுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் ஓவியர்.

"மெதுவா வந்துருவாரு. முட்டி வந்தாச்சு. அடுத்து கை. மூஞ்சி கடைசியாத்தான் வரும், அங்கதான் கெட்டியா பூசியிருக்கீங்க." டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "ஏன் சார் சுரண்டாம விட்டீங்க? தூக்குக்குண்டுகிட்ட படிச்சவங்க யாரும் இப்படிச் செஞ்சு நான் பாத்ததில்ல."

"அவசரம்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத் தலைவரான காப்பாட்சியர் சொல்லியனுப்பியதை ஒப்பித்தார். கூடம் திறப்பதற்குள் மறுபடி சுவரைப் பூசிக்கொடுத்துவிட வேண்டும். படைத்தவர் உயிரோடு இருப்பதால் அவர் தொட்டால் அது படம், நாங்கள் தொட்டால் அது ரிப்பேர். பூச விருப்பமில்லை என்றால் கட்டாயம் இல்லை. ஆனால் நாற்காலியில் ஆள் வந்துவிட்ட பிறகு அது யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம், அதற்கு முகப்புச் சுவர் கிடையாது, மாடிப்படிப் பக்கம் இடம் பார்க்கலாம். எல்லாவற்றையும் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார். பேராசிரியரின் புத்தகம் என்னாகும், அந்தக் கட்டில், செருப்பு, மெத்தையெல்லாம் என்னாகும் என்று அவர் கேட்கவில்லை. ஓவியரே கேட்டுக்கொண்டார். சுரண்டாமல் பூசிய ஒரு சுவரின் பேரில் இத்தனை காலம் பிழைத்தவன் என்று ஆகும்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஓர் உறையை நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம், மேல்பூச்சுக்கு அடியில் இருப்பது முழுவதும் அதில் தெரியும் என்றார். ஓவியர் அதைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகவில்லை, கால் அண்ணன் வீட்டுப் பக்கம் போனது. வாழ்நாளெல்லாம் ஊரை மேலே ஏற்றி இறக்கிய அண்ணன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மேல்மாடியில். முழங்கால் இரண்டும் தேய்ந்து, கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில் என்று ஆகிவிட்டது. கீழே இறங்கியே வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணி கதவைத் திறந்து, "வாங்க தம்பி, வழி ஞாபகம் இருக்கே" என்றார். அதோடு தண்ணீரும் கொடுத்தார்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஓவியர் உட்கார்ந்தார். வானிலை, விலைவாசி, அண்ணியின் ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சுற்றிவந்து, வேறு போக இடம் இல்லாமல் சொல்லிவிட்டார். அண்ணன் முதலில் சிரித்தார். தோள் குலுங்காமல் வயிறு மட்டும் குலுங்கும் சிரிப்பு.

"என் முட்டி எங்க போச்சுன்னு ஆஸ்பத்திரில படம் புடிச்சுப் புடிச்சுத் தேடினாங்க. அங்க போய் உக்காந்திருக்கா?"

அண்ணி சிரிக்கவில்லை. ஓவியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் பார்த்தார்.

"மறுபடி பூசப் போறியா?"

"கேக்குறாங்கண்ணே."

"நீ என்ன சொன்ன?"

ஓவியர் சுவரைப் பார்த்தார். அங்கே அவர் விருது வாங்கும் படம் ஒட்டியிருந்தது. பசை காய்ந்து ஒரு மூலை சுருண்டிருந்தது. "பாக்கலாம்னேன்" என்றார்.

"பூசறதுன்னா பூசு" என்றார் அண்ணன். "ஆனா போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. போன தடவ நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

அருங்காட்சியகத்தின் வாராந்திர விடுமுறையன்று போனார்கள். அண்ணனைச் சாப்பாட்டு மேசை நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டியிருந்தது. முன்கால்களை டாக்ஸிக்காரர் பிடித்துக்கொண்டார், பின்னால் ஓவியர். நூல் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அளந்து அளந்து வரைந்த உடம்பு இவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மாடியின் எண்ணை அறிவித்துக்கொண்டே வந்தார். இறங்குபவர்கள் இறங்கலாம் என்றும் சொன்னார். டாக்ஸிக்காரர் சிரித்ததில் நாற்காலி ஒருமுறை ஆடியது. மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணி, "மெதுவா, மெதுவா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அருங்காட்சியக வாசலில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஏற்கெனவே நிலைச்சட்டத்தில் ஏற்றி, சன்னல் வெளிச்சம் விழும்படி வைத்திருந்தார். பக்கத்து மேசையில் வண்ணங்கள், எண்ணெய், தூரிகைகள், ஒரு கத்தியும். ஓவியர் யாரையும் பார்க்காமல் சாம்பலைக் குழைக்க ஆரம்பித்தார். வெள்ளை, கருப்பு, கொஞ்சம் மண்சிவப்பு. கை மறக்கவில்லை. முதல் குழைப்பிலேயே அந்தச் சுவர் வந்துவிட்டது.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அண்ணனின் முழங்கால்களைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கீழ அப்படியே இருக்கீங்க சார். கத்தி படவே இல்ல. ஒரு கீறல்கூடக் கிடையாது. அவருகிட்ட போட்டோ குடுத்திருக்கேன்."

"இத்தன வருஷமும் உள்ளயேவா?"

"உள்ளயேதான்."

அண்ணன் மறுபடி படத்தைப் பார்த்தார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன மாதிரி" என்றார். "நான் பெல் அடிச்சிருக்கணும்."

பிறகு, புகைப்படம் ஏதோ இருக்கிறதாமே என்று தம்பியிடம் கையை நீட்டினார். மறைத்து வைத்திருந்ததுபோல ஆகிவிட்டது. ஓவியர் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் பிரித்து, கையை நன்றாக நீட்டித் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். தூக்குக்குண்டு பார்த்திருந்தால் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருப்பார், அப்படிப் பார்த்தார்.

"முகம் வரலன்னியேடா."

ஓவியர் சாம்பலை மறுபடி குழைக்கப் போனார்.

"வந்திருக்கு."

அண்ணன் புகைப்படத்தைத் திருப்பிக் காட்டினார். வந்திருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தேவையே இல்லாமல் வந்திருந்தது. வாய் மூடியிருந்தது, ஆனால் கால் மரத்துப் போச்சுடா என்று சொல்லப் போகிற வாய் அது. கண் மேலே எந்த மாடிக்கோ காத்திருந்தது. அதற்குப் பிறகு வரைந்த அத்தனை கட்டில்களிலும் செருப்புகளிலும் ஓவியருக்கு இந்த அளவுக்கு எதுவும் வந்ததில்லை. நாற்காலியை அவர் தேடினார். அண்ணன் மறைத்துக்கொண்டிருந்ததால் அது சரியாகத் தெரியவே இல்லை.

அண்ணன் புகைப்படத்தை உறைக்குள் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தார். "சரி, ஆரம்பி" என்றார்.

எதை என்று ஓவியர் கேட்கவில்லை. பெரிய தூரிகையை எடுத்தார். சாம்பலில் தோய்த்தார். படத்தருகே போய், முழங்காலுக்கு நேராகத் தூரிகையை உயர்த்தினார். உயர்த்தியவர், பழக்கம் விடாமல், தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்க்கப் பின்னால் நடந்தார். நடந்து போய்த் திரும்பியபோது படமும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் இருந்தார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது.

அண்ணன் சக்கர நாற்காலியின் மிதியிலிருந்து கால்களைத் தரையில் இறக்கி வைத்திருந்தார். கை தொடைமேல் இருந்தது. தலை லேசாக இடப்பக்கம். பார்வை மேலே, கூடத்தின் வெற்று உத்தரத்தில்.

"வலது கால் இன்னும் கொஞ்சம் முன்னாடிண்ணே" என்றது ஓவியரின் வாய்.

அண்ணன் இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்துக் காலை நகர்த்தினார். வலி முகத்தில் வந்து போனது. பிறகு முகம் பழையபடி ஆனது.

ஓவியர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். எதையோ தேடி இன்னொரு பையையும் துழாவி, ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். ஒரு கையில் சாம்பல் நிறைந்த தூரிகையைப் பிடித்தபடியே, முதுகு பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்லத் தரையில் மண்டியிட்டார். பளபளவென்று மெழுகிய தரையில் சாக்பீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. அண்ணனின் வலது செருப்பைச் சுற்றி அழுத்திக் கோடு இழுத்தார். விட்டுப்போன இடத்தில் மறுபடி இழுத்தார். தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டுச் சுவர் தரையில் விழுந்தது. தலைக்கு மேலே அண்ணன், தோள் அசையாமல், மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார்.